கோழியிடமிருந்து கன்றுக்கு ரத்தக் கழிச்சல் தொற்றுமா?

கொட்டில்காரன்

கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போன மாதம் கோழிகளுக்கு ரத்தக் கழிச்சல் வந்து ஐந்து குஞ்சுகள் செத்துப்போயின. கோழிக் கூண்டும் கன்றுக் கொட்டிலும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன, நடுவில் தடுப்புச் சுவர்கூட கிடையாது. இப்போது இரண்டு மாதக் கன்று ஒன்று முக்கி முக்கி, சளியும் ரத்தமுமாகக் கழிகிறது, பால் குடிப்பதும் குறைந்துவிட்டது. சாணத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன், "காக்சிடியா" என்று ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கோழிக்கும் இதே சொல்லைத்தான் எழுதினார்கள். வீட்டில் எல்லோரும் கோழிகளை உடனே அப்புறப்படுத்தச் சொல்கிறார்கள். பக்கத்திலேயே இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகளும் ஒரு நாயும் இருக்கின்றன, அதனால் பயமாக இருக்கிறது. கோழியிடமிருந்துதான் கன்றுக்கு வந்ததா?

நுண்ணோக்கி

கோழிகள் மேல் பழி போடாதீர்கள், அவை இந்த விஷயத்தில் நிரபராதிகள்.

காக்சிடியா என்பது ஒரே ஒரு கிருமியின் பெயர் இல்லை, ஒரு பெரிய கூட்டத்தின் பெயர். அதில் ஐமீரியா என்ற இனத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கோழியின் குருட்டுக்குடலில் ரத்தம் வரவைப்பது ஐமீரியா டெனெல்லா. கன்றுக்கு ரத்தக் கழிச்சல் வரவைப்பவை பெரும்பாலும் ஐமீரியா சூர்னியும் ஐமீரியா போவிஸும். டெனெல்லாவைக் கன்று வாய் நிறைய விழுங்கினாலும் அது கன்றின் குடலில் குடித்தனம் நடத்தாது. போவிஸைக் கோழி கொத்தித் தின்றாலும் கோழிக்கு ஒன்றும் ஆகாது. எந்த விலங்கில் ஒட்டுண்ணி தங்கி வளர்கிறதோ அதை ஓம்புயிர் என்பார்கள். ஐமீரியா தன் ஓம்புயிரை லேசில் மாற்றிக்கொள்ளாத ரகம்.

குழப்பத்துக்குக் காரணம் நோயின் பெயர்தான் என்று நினைக்கிறேன். இரண்டையும் நாம் ரத்தக் கழிச்சல் என்கிறோம், ஆய்வகமும் இரண்டுக்கும் காக்சிடியா என்றே எழுதுகிறது, போதாக்குறைக்கு ஆம்ப்ரோலியம் என்ற மருந்தையும் இரண்டுக்கும் கொடுக்கிறார்கள். இத்தனையும் ஒன்றாக இருந்தால் கிருமியும் ஒன்று என்று யாருக்குத்தான் தோன்றாது!

கன்றுக்கு இது வேறு கன்றிடமிருந்தோ, நோய் காட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிக்கொண்டிருக்கும் பெரிய மாட்டிடமிருந்தோதான் வந்திருக்கும். முதலில் கன்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், முக்கிக்கொண்டே இருந்தால் உடம்பில் நீர் சீக்கிரம் வற்றிவிடும்.

வெள்ளாட்டுக்காரி

நுண்ணோக்கி சார், நீங்கள் சொல்வதைப் படித்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கண்ணால் பார்த்தது வேறு. கோழிகளுக்குக் கழிச்சல் வந்த அதே மாதத்தில் என் வெள்ளாட்டுக் குட்டிகளுக்கும் வந்தது. இரண்டு வருடம் தொடர்ந்து இப்படி நடந்தது. கோழிகளை வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு குட்டிகளுக்கு வரவில்லை. இதை எப்படித் தற்செயல் என்று ஒதுக்குவது?

நுண்ணோக்கி

தற்செயல் என்று சொல்லமாட்டேன். ஒன்று மற்றொன்றுக்குக் கொடுத்தது என்றும் சொல்லமாட்டேன். இரண்டுக்கும் பொதுவாக மூன்றாவது ஒன்று இருந்திருக்கும், அதாவது ஈரம்.

ஐமீரியா எச்சத்திலோ சாணத்திலோ வெளியே வரும்போது முட்டை மாதிரி ஓட்டுக்குள் இருக்கும். அப்போதே அது தொற்றாது. வெளியில் ஈரமும் காற்றும் இதமான சூடும் கிடைத்து, இரண்டு மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை உள்ளே பக்குவப்பட்ட பிறகுதான் தொற்றும். ஆகவே கூரை ஒழுகி, படுக்கை நனைந்து, குட்டிகளும் குஞ்சுகளும் நெருக்கமாக இருக்கும் மாதத்தில் ஆட்டின் ஐமீரியாவும் பக்குவமாகும், கோழியின் ஐமீரியாவும் பக்குவமாகும். கோழிகளை மாற்றியபோது அந்த இடத்தைக் கழுவிக் காயவைத்திருப்பீர்கள், இடமும் விசாலமாகியிருக்கும். சரிதானே?

வெள்ளாட்டுக்காரி

தரையைக் கொத்திப் புது மண் போட்டோம், உண்மைதான். அதை யோசிக்கவில்லை.

சரி, கோழி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் நடுவில்? இரண்டும் ஆடுதானே, பார்வைக்கே அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன.

நுண்ணோக்கி

இந்தக் கேள்வியில் ஆராய்ச்சியாளர்களே பல காலம் ஏமாந்திருக்கிறார்கள். செம்மறியின் ஐமீரியாவும் வெள்ளாட்டின் ஐமீரியாவும் நுண்ணோக்கியில் பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும், அதனால் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருந்தார்கள். பிறகு வெள்ளாட்டிடமிருந்து எடுத்ததைச் செம்மறிக் குட்டிக்கும், செம்மறியிடமிருந்து எடுத்ததை வெள்ளாட்டுக் குட்டிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. அதற்கப்புறம்தான் வெள்ளாட்டில் இருப்பதற்கு நினாகோல்யாகிமோவே, செம்மறியில் இருப்பதற்கு ஓவினாய்டாலிஸ் என்று தனித்தனிப் பெயர் வந்தது. (முதல் பெயரை ஒரே மூச்சில் சொல்பவருக்கு ஒரு கும்பிடு.)

ஆனால் மாட்டுக்கும் எருமைக்கும் இந்தச் சட்டம் அவ்வளவு கறாராகப் பொருந்தாது. சூர்னியும் போவிஸும் எருமைக் கன்றுகளிலும் காணப்படுகின்றன. அதே சமயம் ஐமீரியா பரெய்லி என்று எருமைக்கே உரிய ஒன்றும் உண்டு, எருமைக் கன்றுகளைக் கடுமையாகத் தாக்கும். ஆக, எருமைக் கன்றும் மாட்டுக் கன்றும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தால் நான் கவலைப்படுவேன். கோழியும் கன்றும் குடித்தால் இந்த ஒரு விஷயத்தில் கவலைப்பட மாட்டேன்.

மண்வெட்டி

இந்த மாதிரி "அதது அததற்கு மட்டும்" என்ற பேச்சை நம்பி நான் படுக்கையில் விழுந்தவன். பிறந்து பத்து நாள் ஆன கன்றுக்குத் தண்ணீராகக் கழிந்தது, நான்தான் வெறுங்கையால் துடைத்துப் பராமரித்தேன். ஒரு வாரத்தில் எனக்கும் வயிற்றைப் புரட்டிப் போட்டது, பத்து நாள் எழுந்திருக்க முடியவில்லை. மருத்துவமனையில் மலத்தைப் பார்த்துவிட்டு கிரிப்டோஸ்போரிடியம் என்றார்கள். அதுவும் காக்சிடியா கூட்டம்தான் என்றும் சொன்னார்கள். மாட்டின் கிருமி எனக்கு எப்படி வந்தது? படித்துவிட்டு எழுதுபவர்கள் இதற்கும் பதில் சொல்லட்டும்.

பழைய ஸ்டெதாஸ்கோப்

நான் சொல்கிறேன், நாற்பது வருடம் கால்நடை மருத்துவம் பார்த்தவன். மண்வெட்டி சொல்வது நூற்றுக்கு நூறு நடக்கக்கூடியது. இதே காரணத்தால் எங்கள் கூடப் படித்த மாணவர்களில் பாதிப்பேர் ஒருமுறையாவது கழிப்பறையே கதியென்று கிடந்திருக்கிறார்கள்.

ஆனால் நீங்கள் இருவரும் இரண்டு வேறு கிருமிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். கிரிப்டோவை முன்பு காக்சிடியாவோடு சேர்த்துத்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள், இப்போது மரபணுவைப் பார்த்து அதைத் தள்ளித்தான் வைக்கிறார்கள். நடத்தையும் வேறு. ஐமீரியா கன்றுக்கு வருவது பொதுவாக மூன்று வாரத்துக்கு மேல், ரத்தத்தோடு. கிரிப்டோ முதல் மூன்று வாரத்துக்குள், மஞ்சள் தண்ணீராக. ஐமீரியா வெளியில் சில நாள் பக்குவப்பட வேண்டும். கிரிப்டோ சாணத்தில் விழும்போதே தொற்றத் தயாராக இருக்கிறது. அளவோ ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு, கையில் ஒட்டியது தெரியவே தெரியாது.

கிரிப்டோவிலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை, அதுதான் வேடிக்கை. கிரிப்டோஸ்போரிடியம் பார்வம் என்பது கன்று, ஆட்டுக்குட்டி, மனிதன் என்று யாரையும் விடாது. பால் மறந்த கன்றுகளில் காணும் கிரிப்டோஸ்போரிடியம் போவிஸ், பெரிய மாட்டின் நான்காம் வயிற்றில் தங்கும் ஆண்டர்சோனி இரண்டும் பெரும்பாலும் மாட்டோடு நின்றுவிடும். ஹோமினிஸ் என்பது அநேகமாக மனிதனுக்கு மட்டும். ஒரே கொட்டிலில் ஒரே மாட்டின் வாழ்நாளிலேயே பரந்த ருசி உள்ளதும் குறுகிய ருசி உள்ளதும் மாறி மாறி வந்துபோகும்.

இதில் ஆள் மாறாட்டம் நடந்த பெரிய வழக்கு ஒன்று உண்டு. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் குழாய்த் தண்ணீர் வழியாகக் கிரிப்டோ பரவியது, சுமார் 4,03,000 பேருக்கு வயிற்றுப்போக்கு வந்ததாக மதிப்பிட்டார்கள். சந்தேகம் முதலில் மாடுகள் மேல்தான் போனது, பண்ணைகளில் இருந்து வழிந்த சாணம் ஏரியில் கலந்திருக்கும் என்றார்கள். சில வருடம் கழித்து, எடுத்து வைத்திருந்த மாதிரிகளின் மரபணுவைப் பார்த்தபோது அது மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவும் வகையாக இருந்தது. அந்த வகைக்குத்தான் 2002-இல் ஹோமினிஸ் என்று தனிப்பெயர் வைத்தார்கள். அதுவரை இரண்டுக்கும் பார்வம் என்றே பெயர். கொட்டில்காரன் கோழியைச் சந்தேகப்பட்டதும் இதே கதைதான், அளவுதான் சின்னது.

மண்வெட்டி

சரி டாக்டர், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் "ஒட்டாது" என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறவர்கள் எந்தக் கிருமி என்று சேர்த்து எழுதினால் என்னைப் போன்றவர்கள் வெறுங்கையோடு போகமாட்டோம்.

நுண்ணோக்கி

நியாயமான குட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

கொட்டில்காரன்

கன்றுக்கு மருத்துவர் வந்து சொட்டுநீர் ஏற்றி மருந்து கொடுத்துவிட்டுப் போனார், இப்போது கொஞ்சம் தேவலை. ஆனால் புதுக் குழப்பம். பயத்தில் நாயின் மலத்தையும் அதே ஆய்வகத்தில் கொடுத்தேன். அதிலும் காக்சிடியா என்று எழுதியிருக்கிறார்கள்! நாய் துள்ளிக்கொண்டு திரிகிறது, ஒரு குறையும் இல்லை. இப்போது என்ன சொல்கிறீர்கள்? கன்றிடமிருந்து நாய்க்குப் போய்விட்டதா?

நுண்ணோக்கி

உங்கள் நாய் சாணம் தின்னுமா?

கொட்டில்காரன்

தின்னும். அடித்தாலும் கேட்பதில்லை. கன்றுச் சாணம் என்றால் இன்னும் பிரியம்.

நுண்ணோக்கி

அப்படியென்றால் விடை அநேகமாக அதுதான். மாட்டின் ஐமீரியா ஓட்டோடு நாயின் வாயில் போய், குடல் வழியாக ஊர்வலம் போய், பின்பக்கமாக வெளியே வந்திருக்கிறது. நாயின் குடலில் அது வளரவும் இல்லை, பெருகவும் இல்லை, வழிப்போக்கன் மாதிரி கடந்துபோனது. இப்படி ஏமாந்து நாய்க்கு மருந்து கொடுப்பது அடிக்கடி நடக்கிறது.

நாய்க்கென்று சொந்தமாக ஒரு காக்சிடியா உண்டு, பெயர் சிஸ்டோஐசோஸ்போரா. இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. மலத்தைச் சில நாள் ஈரத்தில் பக்குவப்படவிட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். ஐமீரியாவின் ஓட்டுக்குள் நான்கு சின்னப் பைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு உயிர். நாயின் சொந்தக் கிருமியில் இரண்டு பைகள், ஒவ்வொன்றிலும் நான்கு. கூட்டினால் இரண்டிலும் எட்டுதான், பங்கு போட்ட விதம்தான் வேறு. அந்த ஆய்வகத்தில் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

"மலத்தில் இருந்தது" என்பதும் "தொற்றியது" என்பதும் ஒன்றில்லை. தொற்றினாலும் நோய் வரும் என்றில்லை. தொற்றுமா என்று கேட்கும்போது இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

வெள்ளாட்டுக்காரி

அப்பாடா, அப்படியென்றால் நாயால் மாட்டுக்கு ஒரு ஆபத்தும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழைய ஸ்டெதாஸ்கோப்

ஐயோ, வேண்டாம். அந்த முடிவுக்கு மட்டும் போய்விடாதீர்கள்.

ஐமீரியாவுக்கு ஒரே ஒரு ஓம்புயிர் போதும், ஆரம்பம் முதல் முடிவு வரை அதிலேயே. ஆனால் சில ஒட்டுண்ணிகளுக்கு இரண்டு பேர் வேண்டும், அதில் மாடு ஒருவர், நாய் இன்னொருவர். நியோஸ்போரா அப்படிப்பட்டது. சினை மாட்டில் கரு கலைவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. அது 1988-இல்தான் தனி இனமாகப் பெயர் பெற்றது, நாய்தான் அதன் முதன்மை ஓம்புயிர் என்று நிரூபித்தது 1998-இல். நாய் செத்த கன்றையோ நஞ்சுக்கொடியையோ தின்னும், பிறகு அதன் மலத்தில் கிருமி வரும், அது தீவனத்தில் கலந்தால் மாட்டுக்குப் போகும். ஒருமுறை வாங்கிய மாடு தன் கருவிலிருக்கும் கன்றுக்கே கொடுக்கும், அந்தக் கிடேரி வளர்ந்து தன் கன்றுக்குக் கொடுக்கும். நாயே இல்லாவிட்டாலும் இந்த வம்சப் பரம்பரை ஓடும். ஆகவே நஞ்சுக்கொடியைப் புதைத்துவிடுங்கள், நாய் தோண்டாத ஆழத்தில்.

சார்கோசிஸ்டிஸ் இன்னும் வேடிக்கை. மாட்டுத் தசையில் சின்னப் பைகளாகத் தங்கும் கூட்டம் அது. மாட்டில் மட்டும் மூன்று பிரபலமான வகைகள் உண்டு. குரூசி என்பது நாயின் குடலில் போய்த்தான் பெருகும், ஹிர்சூட்டா பூனையின் குடலில், ஹோமினிஸ் மனிதக் குடலில். ஒரே மாட்டின் ஒரே தசைத் துண்டில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வாயை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. குரூசி உள்ள இறைச்சியைப் பூனை தின்றால் அந்த வண்டி அங்கேயே நின்றுவிடும்.

மண்வெட்டி

இவ்வளவு பிடிவாதம் எதற்கு? குடல் என்றால் குடல்தானே. கோழிக்குடலில் முடிவது கன்றுக்குடலில் ஏன் முடியாது? கொஞ்சம் விளக்குங்கள், சண்டைக்குக் கேட்கவில்லை.

நுண்ணோக்கி

நல்ல கேள்வி, முழு விடை யாரிடமும் இல்லை, ஆனால் சில துண்டுகள் தெரியும். ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குப் பித்தமும் செரிமான நொதியும் போதும், அது பல விலங்குகளில் நடந்துவிடும். கண்ணாடித் தட்டில் வளர்க்கும் வேற்று விலங்கின் செல்லுக்குள்கூடச் சில ஐமீரியா நுழைந்துவிடும். சிக்கல் நுழைந்த பிறகு. உள்ளே போனது தன் அடுத்த கட்டத்துக்கு வளர முடியாமல் தவித்துச் சாகும். போவிஸை எடுத்துக்கொண்டால் அது கன்றின் சிறுகுடலில் நிணநீர் நாளத்தின் உட்சுவர்ச் செல்லைத் தேடிப் பிடித்து, அந்த ஒரு செல்லையே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஊதவைத்து, அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குட்டிகளைப் போடும். இதற்கு அந்தச் செல்லின் தீனி, சாவைத் தள்ளிப்போடும் ஏற்பாடு, எல்லாவற்றையும் அது கைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சாவி மாட்டின் செல்லுக்கென்று செதுக்கியது. வேறு பூட்டில் நுழையும், திரும்பாது.

இன்னொரு பக்கம், விலங்கே கதவை அடைக்கும் வழக்கும் உண்டு. மாடு, எருமை, ஒட்டகம், குதிரை என்று பரவும் சர்ரா நோயின் டிரிப்பனோசோமா இவான்சி நமக்கு ஏன் வருவதில்லை? மனித ரத்தத்தில் அபோஎல்1 என்ற புரதம் இருக்கிறது, அது அந்தக் கிருமியை வெடிக்கவைக்கிறது. 2004-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு விவசாயிக்கு சர்ரா கிருமி ரத்தத்தில் காணப்பட்டது. சோதித்தால் அவர் உடம்பில் பிறவியிலேயே அந்தப் புரதம் வேலை செய்யவில்லை. ஒரே ஒரு புரதம்தான் வேலியாக நின்றிருக்கிறது என்பது அதில் நன்றாகத் தெரிந்தது.

உண்ணிபிடுங்கி

தாமதமாக வந்து நுழைகிறேன். இதெல்லாம் கல்லில் எழுதின மாதிரி பேசுகிறீர்களே, மாறவே மாறாதா? என் துறை உண்ணி. மாட்டு உண்ணி ரிபிசெபாலஸ் மைக்ரோப்ளஸ், குஞ்சாக ஏறினால் ரத்தம் குடித்துப் பெரிதாகி இறங்கும்வரை சுமார் மூன்று வாரமும் ஒரே மாட்டின் மேல்தான். மாடுதான் அதற்கு வீடு. பசிபிக்கில் நியூ கலிடோனியா தீவுக்கு இந்த உண்ணி 1942-இல்தான் போய்ச் சேர்ந்தது. அங்கே முன்பே கொண்டுவந்து விட்டிருந்த ரூசா மான்கள் ஏராளம். இப்போது மரபணுவைப் பார்த்தால் மாட்டு மேல் இருக்கும் உண்ணியும் மான் மேல் இருக்கும் உண்ணியும் இரண்டு கூட்டமாகப் பிரிய ஆரம்பித்துவிட்டன என்று 2010-இல் வெளியிட்டார்கள். எழுபது வருடம்கூட ஆகவில்லை. உண்ணிக்கு அது இருநூற்றுச் சொச்சம் தலைமுறை.

அமெரிக்காவில் இதே கதையின் இன்னொரு பக்கம். 1906-இல் தொடங்கி 1943-க்குள் மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி முக்கியே மாட்டு உண்ணியை அநேகமாக ஒழித்தார்கள், மெக்சிகோ எல்லையோரம் ஒரு பட்டை மட்டும் மிச்சம். மாட்டைத் தவிர வேறு பெரிய வீடு அதற்குக் கிடையாது என்ற நம்பிக்கையில்தான் அந்தத் திட்டமே நின்றது. இப்போது டெக்சாஸில் வெள்ளைவால் மானும், இந்தியாவிலிருந்து கொண்டுபோய் விட்ட நீலான்களும் அதைச் சுமந்துகொண்டு வேலி தாண்டுகின்றன. மாட்டைத் தொட்டியில் இறக்கலாம். நீலானை யார் இறக்குவது?

வெள்ளாட்டுக்காரி

மேய்ச்சல் பற்றி ஒன்று. மாட்டையும் ஆட்டையும் மாற்றி மாற்றி மேய்த்தால் குடற்புழு குறையும் என்கிறார்கள். இந்தப் பிடிவாதத்தால்தானா?

பழைய ஸ்டெதாஸ்கோப்

அதேதான். ஆட்டின் ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸ் புழுக்குஞ்சைப் பெரிய மாடு புல்லோடு மேய்ந்து விழுங்கினால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும், மேய்ச்சல் நிலம் சுத்தமாகும். மாட்டுக்கு ஹீமாங்கஸ் பிளாசியை என்று தனியாக ஒன்று உண்டு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். இளம் கன்றில் கன்டார்ட்டஸும் ஒட்டும். டிரைக்கோஸ்டிராஞ்சிலஸ் ஆக்சி என்ற புழு மாடு, ஆடு, குதிரை என்று எல்லார் வயிற்றிலும் தங்கும். ஈரல் தட்டைப்புழுவோ பாலூட்டிகளில் யாரையும் விடாது, ஆனால் நத்தை விஷயத்தில் மட்டும் சில குறிப்பிட்ட வகைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். அதனால் அதை அடக்க விலங்கை மாற்றுவதைவிட நத்தை இருக்கும் சதுப்பை வேலி போட்டு அடைப்பது மேல். செம்மறியையும் வெள்ளாட்டையும் மாற்றி மேய்த்துப் பலனில்லை, குடற்புழுக்கள் இரண்டுக்கும் ஏறக்குறைய பொது. காக்சிடியாவில் தனித்தனி, புழுவில் கூட்டுக்குடும்பம்!

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். மாட்டுத் தீவனத்தில் காக்சிடியாவுக்காக மொனென்சின் என்ற மருந்தைக் கலந்திருந்தால் குதிரை பக்கத்தில் வரக்கூடாது. மாடு தாங்கும் அளவு குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

கொட்டில்காரன்

எல்லோருக்கும் நன்றி, கன்று இன்று எழுந்து பால் குடித்தது. சாணத்தில் இன்னும் லேசாகச் சளி இருக்கிறது, ரத்தம் நின்றுவிட்டது.

ஆய்வகத்தில் மறுபடி பார்க்கச் சொன்னேன். கன்றின் சாணத்தில் உருண்டையானவைதான் அதிகம், சூர்னி என்றார்கள். நாயின் மலத்தைப் பக்குவப்படுத்திப் பார்த்ததில் நான்கு பை, ஒவ்வொன்றிலும் இரண்டு. வழிப்போக்கன்தான். அப்புறம் மருத்துவர் சொன்னபடி நன்றாக இருக்கும் மற்ற இரண்டு கன்றுகளின் சாணத்தையும் கொடுத்தேன். ஐந்து மாதக் கன்றில் அதே உருண்டை, எண்ணிக்கை குறைவு, நோய் எதுவும் தெரியவில்லை. அது கட்டியிருக்கும் இடம் தண்ணீர்த் தொட்டிக்கு மேல்பக்கம். கழுவும் தண்ணீர் சரிவில் ஓடி சின்னக் கன்று படுக்கும் இடத்தில்தான் தேங்குகிறது. தினமும் நானேதான் ஓட்டிவிட்டிருக்கிறேன்.

கோழிகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. தொட்டியை உயர்த்திக் கட்டுகிறேன், வடிகாலை வேறு பக்கம் திருப்பிவிடப் போகிறேன். தரைக்கு பிளீச்சிங் பவுடர் போட்டால் போதுமா?

நுண்ணோக்கி

போதாது, அந்த ஓடு அதற்கெல்லாம் அசையாது. சாணத்தை முழுக்க வழித்து எடுத்துவிட்டு, கொதிக்கும் தண்ணீரோ நீராவியோ விட்டுக் கழுவுங்கள், பிறகு கூரையைத் திறந்து வெயில் படக் காயவிடுங்கள். காய்ந்துபோவதற்குத்தான் அது பயப்படும். தரை முழுசாக உலரும்வரை சின்னக் கன்றை அங்கே கட்டாதீர்கள்.